பாப்பாவின் பாஸ்போர்ட்

அன்புள்ள தேவிக்கு,

அநேக ஆசீர்வாதம். பாப்பாவின் பாஸ்போர்ட் படம் வந்தது. அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். "பத்து வருஷமா இருக்கிற எங்களுக்கு விசா, மூணு மாசக் குழந்தைக்குக் குடியுரிமை, நல்ல கூத்துப்பா" என்று சிரித்தாயே, போனில் எனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருஷம் கோர்ட் கட்டுகளோடு கிடந்தவனுக்கு எழுதினால்தான் வரும்.

அந்தக் கூத்தின் முதல் கட்டு உன் ஊரிலேயே இருக்கிறது. 1846 ஏப்ரலில் மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் கோர்ட்டில் ட்ரெட் ஸ்காட் என்ற அடிமையும் அவர் மனைவி ஹாரியட்டும் விடுதலை கேட்டுத் தனித்தனியாக மனுப் போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி. ட்ரெட்டை அவருடைய எஜமானரான ராணுவ டாக்டர், அடிமை முறை இல்லாத இல்லினாயிலும் அப்புறம் ஸ்னெல்லிங் கோட்டையிலும் வருஷக்கணக்கில் வைத்திருந்தார். ஹாரியட்டைக் கல்யாணம் செய்ததும் அந்தக் கோட்டையில்தான். சுதந்திர மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு விடுதலை என்று மிசௌரி கோர்ட்டுகளே முன்பு பலருக்குத் தீர்ப்பளித்திருந்தன. சுலபமான வழக்கு.

தோற்றார்கள். டாக்டர் இறந்துவிட்டதால் பிரதிவாதி அவருடைய விதவை. 'அந்த அம்மாளிடமிருந்து இவர்களை வாடகைக்கு எடுத்தேன்' என்று சொல்ல வந்த சாட்சி, குறுக்கு விசாரணையில் 'பேசி முடித்தது என் மனைவி, நான் பணம்தான் கட்டினேன்' என்று சொல்லிவிட்டார். செவிவழிச் சாட்சியம் செல்லாது. அந்த அம்மாள்தான் எஜமானி என்பது நிரூபணமாகவில்லை. அதனால் அவருக்கே அடிமையாகத் தொடர வேண்டும்! நானும் எத்தனையோ தள்ளுபடி பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்று பார்த்ததில்லை.

மறு விசாரணை கிடைத்து 1850ல் ஜெயித்தார்கள். 1852ல் மாநில உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிவிட்டது, காலம் முன்போல் இல்லையாம். இதற்கிடையே ஷெரிஃப் அவர்களை வேலைக்கு விட்டுக் கூலியைத் தன் பொறுப்பில் வைத்திருந்தார். பெண் குழந்தைகள் இரண்டும் கோர்ட் வாய்தாக்களோடே வளர்ந்தன.

கடைசியில் வாஷிங்டனில், நாட்டின் உச்ச நீதிமன்றத்தில், 1857 மார்ச் 6 அன்று தீர்ப்பு. ஏழு பேர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். ஆப்பிரிக்க அடிமைகளின் வம்சத்தில் வந்தவர், விடுதலை பெற்றவரே ஆனாலும், அமெரிக்கக் குடிமகன் ஆக முடியாது, ஆகவே அங்கே வழக்குப் போடவே உரிமையில்லை என்று தலைமை நீதிபதி டானி எழுதினார். அரசியல் சட்டம் வந்த காலத்திலேயே ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பர்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்களே என்று மறுத்து எழுதிய நீதிபதி கர்ட்டிஸ், அதே வருஷம் பதவியை விட்டுப் போனார். இந்தக் கட்டத்தில் எதிராளியாக இருந்தவர் அந்த விதவையின் சகோதரர் சான்ஃபோர்டு. அவர் பெயரைக்கூட யாரோ ஒரு எழுத்துக் கூட்டி எழுதிவிட, இன்றுவரை சட்டப் புத்தகத்தில் அந்தத் தப்பு அப்படியே நிற்கிறது. எங்களைப் போன்ற கோர்ட் ஆட்களின் வேலை அது!

இதைத் துடைக்கத்தான், உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1868ல் பதினான்காம் திருத்தம் வந்தது. அந்த மண்ணில் பிறந்து அதன் சட்டத்துக்கு உட்பட்டவர் அந்நாட்டுக் குடிமகன். பூர்வகுடிகளில் பலருக்கு மட்டும் 1924 வரை காத்திருப்பு. அந்த அநியாயத்தைத் தனியாக எழுதுகிறேன். சீனப் பெற்றோருக்கு சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் என்ற சமையல்காரர் 1898ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். பெற்றோர் வேற்று நாட்டவராக இருந்தும் அவர் குடிமகன். பாப்பாவின் பாஸ்போர்ட் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது.

ட்ரெட் தீர்ப்புக்கு இரண்டு மாதம் கழித்து விடுதலையானார். டாக்டருக்கு முன்பிருந்த எஜமானரின் மகனே விடுவித்தார். அடுத்த வருஷம் காசநோயில் போய்விட்டார். துணி வெளுத்துப் பிழைத்த ஹாரியட் 1876 வரை இருந்தார். அந்தத் திருத்தம் வந்ததை அந்த அம்மாள் பார்த்தார் என்பது எனக்கு ஒரு நிம்மதி.

ட்ரெட்டின் சமாதி அங்கே கல்வரி கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் லிங்கன் தலை போட்ட ஒரு சென்ட் காசை அந்தக் கல் மேல் வைத்துவிட்டுப் போவார்களாம். குளிர் விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு போய் வா. காசைப் பாப்பா கையில் கொடுத்து வைக்கச் சொல். வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா