கணபதிக்கு, மொன்டானாவிலிருந்து

கிரேட் ஃபால்ஸ்

அன்புள்ள கணபதி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இளையவளுக்கு வரன் அமைந்ததைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. கல்யாணத்துக்கு வர எனக்கு ஆசைதான். மகளுக்கு ஆஸ்பத்திரியில் லீவு கிடைத்தால் எல்லோருமாகக் கிளம்பி வந்துவிடுவோம். மதினிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லையே.

பனிமலைப் படங்களைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழகான இடத்தில் ஏன்டா ஆளே இல்லை?" என்று கேட்டிருந்தாய். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தால் மூன்று மணி வரை எனக்கு வேலை கிடையாது. அதனால் ஆற அமரவே பதில் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் இந்த மொன்டானா மாநிலத்தின் பரப்பு 3.8 லட்சம் சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட மூன்று தமிழ்நாடு. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 10.84 லட்சம். சதுர கிலோமீட்டருக்கு மூன்று பேர்கூடத் தேறாது. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. அப்படி 56 இருக்கின்றன. அதில் பெட்ரோலியம் கவுண்டி முழுவதிலும் 500 பேருக்கும் குறைவு.

நீ பார்த்த படங்கள் எல்லாம் மேற்குப் பக்கம் எடுத்தவை. மாநிலத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான் மலை. மிச்சம் கிழக்கே விரிந்து கிடக்கும் புல்வெளியும் கோதுமைக் காடும். வருகிறவர்கள் மலையைப் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். சமவெளியைப் பார்க்காதவர்களுக்கு இந்த மாநிலம் பிடிபடாது என்பது என் எண்ணம்.

உன் கேள்விக்குப் பதில் மழையில் இருக்கிறது. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று ராக்கி மலையின் மேற்குச் சரிவில் மோதிக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அங்கே மெக்டொனால்டு ஏரிப் பக்கம் தேவதாரு போன்ற ராட்சத மரங்களும் பாசியும் அடர்ந்து கிடக்கின்றன. குற்றாலத்தில் சாரல் விழும்போது உன் கோவில்பட்டியில் வெறும் காற்று மட்டும் வீசுமே, அதே கதைதான் மலைக்குக் கிழக்கே. பல இடங்களில் வருடத்துக்கு 300, 350 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு மே, ஜூன் மாதங்களிலேயே பெய்து முடிந்துவிடும்.

அந்த மலை தண்ணீரைப் பங்கு வைப்பதையும் சொல்ல வேண்டும். கிளேசியர் தேசியப் பூங்காவில் டிரிபிள் டிவைட் என்று ஒரு சிகரம். அதன் ஒரு பக்கம் உருகும் பனி பசிபிக்குக்குப் போகிறது, இன்னொரு பக்கத்தது மிசோரி ஆறு வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கு, மூன்றாவது கனடாவுக்குள் நுழைந்து ஹட்சன் விரிகுடாவுக்கு. ஒரே சிகரத்தின் பனி!

அந்த மிசோரி எங்கள் ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. ஒரு மணி நேரம் வடகிழக்கே போனால் லோமா என்ற சின்ன ஊர். அங்கே மரையாஸ் என்ற ஆறு மிசோரியில் சேர்கிறது. பக்கத்தில் ஒரு மேடு இருக்கிறது. அதில் ஏறி நின்று இரண்டு ஆறுகளையும் பார்ப்பது எனக்கு அலுக்கவே இல்லை. 1805 ஜூனில், மேற்கே பசிபிக் கடலுக்கு வழி தேடிப் புறப்பட்ட அமெரிக்கப் பயணக் கூட்டத்தின் தலைவர்கள் லூயிஸும் கிளார்க்கும் படகுகளோடு இங்கே வந்து திகைத்து நின்றார்கள். இரண்டு ஆறுகளில் எது மிசோரி? வடக்கேயிருந்து வருவது கலங்கலாக, அவர்கள் அதுவரை துடுப்புப் போட்டு வந்த ஆற்றின் நிறத்திலேயே இருந்தது. அதுதான் மிசோரி என்று கூட்டமே நம்பியது. தலைவர்கள் இருவரும் மட்டும் தெற்கே பார்த்தார்கள். அந்தத் தண்ணீர் தெளிவாக இருந்தது, அடியில் உருண்டைக் கூழாங்கல் கிடந்தது. சமவெளியில் நெடுந்தூரம் சுற்றிய ஆறு கலங்கித்தான் இருக்கும். தெளிந்தது மலையிலிருந்து வருகிறது என்று கணித்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் அங்கேயே தங்கி இரண்டையும் ஆராய்ந்து, பிறகு தெற்கே போனார்கள். ஜூன் 13 அன்று லூயிஸ் அருவியைக் கண்டார். ஹிடாட்சா என்ற பழங்குடி மக்கள் முன்பே சொல்லியிருந்த அருவி அது, ஆகவே ஆறு அதுதான் என்று உறுதியானது. அங்கே இருந்தவை ஐந்து அருவிகள். இன்று அவற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்கிறார்கள். ஒன்று தண்ணீருக்கு அடியிலேயே போய்விட்டது. அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

அதே லோமாவில் 1972 ஜனவரியில் 24 மணி நேரத்துக்குள் வெப்பம் மைனஸ் 48 டிகிரி செல்சியஸிலிருந்து 9 டிகிரிக்கு ஏறியது. உலகச் சாதனை. மலையிலிருந்து இறங்கும் சினூக் காற்றின் வேலை அது. இறங்க இறங்கக் காற்று அழுந்திச் சூடாகிறது. போன ஜனவரியில் அந்தக் காற்று அடித்தபோது காலையில் முற்றத்தில் கிடந்த பனி சாயங்காலத்துக்குள் காணாமல் போயிருந்தது. தண்ணீர் ஓடிய தடம்கூடப் பெரிதாக இல்லை, அப்படி உறிஞ்சிவிடுகிறது.

அப்புறம், இந்த நிலம் என்றைக்குமே ஆளில்லாமல் கிடந்தது என்று நினைத்துவிடாதே. பிளாக்ஃபீட், க்ரோ, அசினிபாயின் என்று எத்தனையோ பழங்குடி மக்கள் பைசன் என்ற காட்டு மாட்டு மந்தைகளை நம்பி வாழ்ந்த இடம். பைசனைக் கொன்று தீர்த்த பிறகு, 1883–84 குளிர்காலத்தில் பிளாக்ஃபீட் மக்களில் சுமார் 600 பேர் பட்டினியால் செத்தார்கள். நீ ரசித்த கிளேசியர் பூங்காவின் கிழக்குப் பாதி 1895 வரை அவர்களுடைய நிலம். 2023இல் சீஃப் மலையடிவாரத்தில் அவர்களே மறுபடியும் பைசன்களைத் திறந்துவிட்டார்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அவர்களை ஒதுக்கிவிட்டு வெளியாட்களைக் குடியேற்றினார்கள். 1909இல் ஒரு சட்டம் வந்தது. உழுகிறவனுக்கு 320 ஏக்கர் இலவசம். ரயில் கம்பெனிகள் ஊர் ஊராக விளம்பரம் செய்தன. சில வருடங்கள் நல்ல மழையும் பெய்தது, சனம் வந்து குவிந்தது. 1917இலிருந்து வறட்சி. 1920களில் அமெரிக்காவில் மக்கள்தொகை குறைந்த ஒரே மாநிலம் இதுதான். இங்கே கிழக்கே ஜோர்டான் என்ற ஊருக்குப் போகும் வழியில் அப்படிக் கைவிட்ட வீடு ஒன்றைப் பார்த்தேன். கூரை உள்வாங்கி, ஜன்னலில் கண்ணாடி இல்லாமல் நின்றது. வாசற்படிக்குப் பக்கத்தில் லைலாக் செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து பூத்திருந்தது. யாரோ ஒரு பெண் கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற்றி வளர்த்திருப்பாள். இந்த நிலத்தால் எத்தனை பேரைத் தாங்க முடியுமோ அத்தனை பேர்தான் இருக்கிறார்கள் கணபதி. கூடுதலாக வந்தவர்களை அது திருப்பி அனுப்பிவிட்டது.

உன் மளிகைக் கடைக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டு. மைசூர் பருப்பு அமெரிக்காவில் அதிகம் விளைவது மொன்டானாவில்தான். முன்பெல்லாம் ஈரத்தைச் சேமிக்க ஒரு வருடம் நிலத்தைத் தரிசாகப் போடுவார்கள். இப்போது பலர் அந்த வருடத்தில் பருப்போ பட்டாணியோ விதைக்கிறார்கள். தண்ணீர் கொஞ்சம் போதும், மண்ணுக்கும் தழைச்சத்து சேர்கிறது. 2017இல் டெல்லி இறக்குமதி வரியை ஏற்றியது இங்கே உள்ள சம்சாரிகளுக்குப் பலத்த அடி.

கல்யாண வேலையெல்லாம் முடிந்த பிறகு நீயும் மதினியும் இங்கே வந்து ஒரு மாதம் இருங்கள். ஜூலை பாதிக்கு மேல் வந்தால் நல்லது. மலைமேல் போகும் ரோட்டில் பனியை அள்ளி முடித்திருப்பார்கள், கிழக்கே கோதுமை அறுப்பும் தொடங்கியிருக்கும். மலையில் இரண்டு நாள் போதும். மிச்ச நாளெல்லாம் நான் உன்னைச் சமவெளிக்குத்தான் கூட்டிப்போவேன். முகூர்த்தத் தேதி முடிவானதும் உடனே எழுது, டிக்கெட் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சுப்பையா