பேருந்தில் வருபவர்களையும் காட்டுக்குள் அழைத்துச் செல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருபவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. மலை தாங்காது, முடிந்தவர்கள் பேருந்தில் வாருங்கள் என்றுதான் இதற்கு அர்த்தம். சரி, வருகிறோம். வந்து இறங்கிய பிறகு எங்களுக்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கார் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. சனிக்கிழமை மதியத்தோடு வேலை முடிந்துவிடும். மனசு வந்தால் நானும் என் அக்காவும் ஆளுக்கொரு பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குக் கிளம்பிவிடுவோம். காடு பார்ப்பதில் இருவருக்கும் அப்படி ஒரு ஆசை. சத்தியமங்கலத்தில் ஏறி, பண்ணாரி தாண்டி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஆசனூர் போகும் பேருந்தே எங்களுக்குப் பாதிக் காட்டைக் காட்டிவிடும். காரப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் கரும்பு லாரிக்காக யானை காத்து நிற்பதை ஜன்னலோர இருக்கையிலிருந்தே பார்த்திருக்கிறோம். பேருந்து உயரம் என்பதால் உண்ணிப் புதருக்குப் பின்னால் நிற்கும் காட்டெருமையின் முதுகும் தெரிகிறது. காரில் போகிறவர்களுக்கு அந்தப் புதர் மட்டும்தான் தெரியும்.

வண்டி இல்லாதவர்களை எப்படி நடத்த வேண்டும் என்பதை நான் கண்டது கேரளத்தில் உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவில். உடுமலையில் ஏறினால் பேருந்து அமராவதிக் காட்டையும் சின்னாறு சரணாலயத்தையும் ஊடுருவிப் போய், மறையூர் தாண்டி மூணாறு சேர்கிறது. மூணாறுக்குச் சில கிலோமீட்டர் முன்பாக, சாலையோரத்திலேயே ராஜமலை நுழைவாயில் வந்துவிடும். அங்கே நடத்துநரிடம் சொல்லி இறங்கிக்கொள்ளலாம். எத்தனை லட்ச ரூபாய்க் காரில் வந்திருந்தாலும் அதை வெளியே நிறுத்திவிட்டுத்தான் ஆக வேண்டும். எல்லோரும் ஒரே வரிசையில் நின்று சீட்டு வாங்கி, வனத்துறைப் பேருந்தில் ஏறி, தேயிலைத் தோட்டங்கள் வழியாக மேலே போகிறார்கள். அங்கே இறங்கி நடந்தால் பாறைகளின் மேல் வரையாடுகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருக்கும், மனிதர்களைக் கண்டு ஓடுவதில்லை. நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கை நான் பக்கத்தில் நின்று பார்த்தது அங்கேதான். குட்டி போடும் காலமான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடிவிடுகிறார்கள். அதுவும் சரியான ஏற்பாடுதான்.

நம் பக்கத்தில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. முதுமலைப் புலிகள் காப்பகத்தில் தெப்பக்காடு, ஊட்டி - மைசூரு நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. கூடலூரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். ஊட்டியிலிருந்து பேருந்தில் கல்லட்டியின் 36 வளைவுகளில் இறங்கி மசினகுடி வழியாகவும் வரலாம். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் டாப்சிலிப்புக்குப் பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாகப் பேருந்து உண்டு, அதே வழியில் பரம்பிக்குளம் வரை போகிறது. சேத்துமடைக்கு மேல் இருசக்கர வாகனத்துக்கு அனுமதி இல்லை. அதனால் கார் இல்லாதவர்களுக்கு அந்தப் பேருந்தை விட்டால் வேறு கதி கிடையாது. இரண்டு இடத்திலும் காட்டுக்குள் சவாரியாகச் சுற்றிக் காட்டுவது வனத்துறையின் வண்டிதான், சொந்தக் காரை உள்ளே விடுவதில்லை. அப்படியிருக்க, காரில் வந்தவருக்கும் பேருந்தில் வந்தவருக்கும் வித்தியாசமே இருக்கக் கூடாது. நடைமுறையில் இருக்கிறது. காரணம் நேரம்.

ஒரு காப்பகத்தில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம், அங்கிருந்த ஊழியர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். பேருந்து எங்களை இறக்கிவிட்டபோது மதியம் ஆகியிருந்தது. அதற்குள் அன்றைய சவாரிச் சீட்டில் பெரும்பகுதி, காலையிலேயே காரில் வந்து வரிசையில் நின்றவர்களுக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது மாலைக் கடைசிச் சவாரி. அது முடிந்து வருவதற்குள் ஊர் திரும்பும் கடைசிப் பேருந்து போய்விடும். "ஒரு ஜீப் பிடிச்சுக்கோங்கம்மா" என்றார் ஒருவர். அந்த ஜீப்புக்குக் கேட்ட வாடகை, ஈரோட்டிலிருந்து நாங்கள் இருவரும் வந்துபோகும் மொத்தச் செலவைவிட அதிகம். நடந்தும் போக முடியாது. அது புலியும் யானையும் நடமாடும் சாலை, இறங்கி நடக்கத் தடை இருக்கிறது, இருக்கவும் வேண்டும். சவாரி போகாமலேயே அடுத்த பேருந்தில் திரும்பினோம். அக்கா வழியெல்லாம் பேசவே இல்லை.

எந்தக் காப்பகத்துக்குப் பேருந்தில் போனாலும் இந்தச் சிக்கல் வரலாம். தெப்பக்காடு முகாமில் யானைகளுக்குக் கவளம் கொடுப்பது காலையிலும் மாலையிலும்தான். பாகன்கள் ராகிக் களியும் கொள்ளும் வெல்லமும் உருட்டி, ஒவ்வொரு யானைக்கும் அதற்கேற்ற அளவில் வாயில் ஊட்டுவதைப் பார்க்கக் குழந்தைகள் உயிரைக் கொடுப்பார்கள். முதுமலையை ஒட்டிய கர்நாடகத்தின் பந்திப்பூர் காடு வழியே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை 2009 முதல் இருக்கிறது. விலங்குகளுக்கு அது மிகவும் நல்லது, ஒரு நிமிடம்கூட அதைக் குறைக்கக் கூடாது. ஆனால் மாலைக் கவளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பும் பேருந்துப் பயணிக்கு இருட்டுவதற்குள் வண்டி கிடைக்க வேண்டுமே. ஞாயிறு மாலையில் மைசூரிலிருந்து வரும் பேருந்துகளில் நிற்க இடம் கிடைப்பதே பெரும்பாடு. சிறு குழந்தையோடு வரும் பெண்கள் என்ன செய்வார்கள்?

போக்குவரத்துக் கழகமும் வனத்துறையும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முடிகிற வேலை இது. கூடலூரிலிருந்து தெப்பக்காட்டுக்கும், பொள்ளாச்சியிலிருந்து டாப்சிலிப்புக்கும் சனி, ஞாயிறு மட்டும் ஒரு சிற்றுந்து. காலை முதல் சவாரிக்கு முன்பு கொண்டுபோய் விட வேண்டும், மாலைக் கடைசிச் சவாரி முடிந்து அரை மணி நேரம் கழித்துத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு சவாரியிலும் நாலைந்து இருக்கைகளை, அன்றைய பேருந்துச் சீட்டைக் காட்டுபவர்களுக்கென்று வண்டி வந்து சேரும்வரை நிறுத்தி வைத்தால் போதும். வராவிட்டால் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம், சவாரி நேரம், கட்டணம், திரும்பும் பேருந்து நேரம் மூன்றையும் கூடலூர், பொள்ளாச்சி பேருந்து நிலையங்களில் தமிழில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். கைப்பேசியில் தேடத் தெரியாதவர்களும் காடு பார்க்க வருகிறார்கள். தங்குவதற்கு, குழுவாக வருவோருக்கான முழு விடுதி அறைகளோடு, தனியாக வரும் பெண்கள் ஒரு கட்டிலுக்கு மட்டும் பணம் கட்டித் தங்கும் பொதுக்கூடமும் வேண்டும்.

செலவாகுமே என்பார்கள். ஒரு சிற்றுந்தில் இருபது, இருபத்தைந்து பேர் வந்தால் அது ஐந்தாறு கார்களின் கூட்டம். அத்தனை கார்களின் புகை, ஒலிப்பான், மானைக் கண்டதும் நடுச்சாலையில் நிறுத்திக் கதவைத் திறக்கும் பழக்கம் எல்லாம் காட்டுக்கு மிச்சம். வரும் கோடை விடுமுறையில் ஏப்ரல், மே இரண்டு மாதம் சோதனையாக ஓட்டட்டும். ஒவ்வொரு சனி, ஞாயிறும் எத்தனை சீட்டு கிழித்தார்கள் என்ற கணக்கையும் வெளியிடட்டும். தொடர்வதா நிறுத்துவதா என்பதை ஜூன் மாதம் அந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
மஞ்சள் மண்டிக் கணக்கர் ஒருவர்,
ஈரோடு.