உக்கிய தென்னந்தும்பைக் கொளுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துப் பழைய வீடொன்றின் சேகரிப்பில் உள்ள மெத்தைக் கதிரையைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் செய்தி வந்தது. "உக்கிய தும்பும் கிழிந்த சீலையும் அகற்றப்பட்டு, ஒல்லாந்தர் காலக் கதிரை புதுப்பொலிவு பெற்றது" என்று அதைப் பாராட்டியும் இருக்கிறீர்கள். வாசித்ததும் வயிறு எரிந்தது.

படத்தின் மூலையிலே கழற்றிப் போட்ட சுருள் ஸ்பிரிங்குகள் கிடக்கின்றன. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை இழந்தது 1795இல். கதிரைகளில் சுருள் ஸ்பிரிங் பரவியதோ அடுத்த நூற்றாண்டில். மரச்சட்டம் எவ்வளவு பழையதென்றாலும் அந்த மெத்தை ஆங்கிலேயர் காலத்து வேலை. தங்களுக்கு இது தெரியாததல்ல.

மெத்தையின் வயதை உள்ளே இருப்பதுதான் சொல்லும். அடியில் குறுக்கும் நெடுக்கும் பின்னிய பட்டி, அதில் தைத்து நூலால் இழுத்துக் கட்டிய ஸ்பிரிங், மேலே சாக்கு, பிறகு தும்போ குதிரைமயிரோ, வெள்ளைச் சீலை, கடைசியில் மேற்சீலை. சட்டத்தின் ஆணித்துளைகளைப் பார்த்தால் எத்தனை தடவை சீலை மாற்றினார்கள் என்று பிடிக்கலாம். பழைய ஆணித்தலைக்குக் கீழே முதற்சீலை நகத்தளவு மிஞ்சியிருக்கும். வெளிச்சம் படாததால் நிறமும் மங்காது. எல்லாவற்றையும் கூட்டித் தள்ளியாயிற்று.

பதிலுக்கு ஸ்பொஞ்ச் வைத்திருக்கிறார்கள். எங்கள் வெக்கைக்கும் மாரி ஈரத்துக்கும் அது மஞ்சளித்து, பிசுபிசுத்து, மாவாய் உதிரும். இருக்கையும் உயர்ந்துவிட்டது: படத்துக்காக அதில் இருத்திய பிரதம விருந்தினரின் முழங்கை கைப்பிடியில் படவேயில்லை. ஏற்கனவே துளைபட்ட சட்டத்தில் நெருக்கி ஸ்ரேப்பிள் அடித்தால் மரம் நாரோட்டத்தில் வெடிக்கும். அரக்குப் பொலிஷுக்கு மேலே பொலியூரத்தேன் வாணிஷ் வேறு. அரக்கு ஸ்பிரிற்றில் கரையும். இந்த வாணிஷைச் சுரண்டத்தான் வேண்டும், சுரண்டினால் மரத்தின் பழைய முகமும் போய்விடும்.

1995 இடப்பெயர்வோடு எத்தனை வீட்டுத் தளபாடங்கள் விறகாயின! மிஞ்சிய முதிரை அலுமாரிகளையும் தேக்கங் கதிரைகளையும் பழஞ்சாமான் வாங்குகிறவர்கள் லொறியில் ஏற்றினார்கள். அதற்கும் தப்பி நின்றதைப் பாதுகாப்பு என்ற பெயரில் நாங்களே குலைக்கிறோம். பித்தளைக் குமிழ்களைத் தேய்த்துத் தேய்த்துப் பூவேலையை அழிக்கிறோம், ஊஞ்சற் பலகைக்கு எனாமல் பூசுகிறோம்.

அந்தக் கதிரைக்குத் தேவைப்பட்டது கொஞ்சம்தான். மெல்லிய தூரிகையால் தூசு தட்டி, தொய்ந்த பட்டிக்கு அடியிலிருந்து தாங்கல் கொடுத்து, ஆணியே அடிக்காமல் நாடாவால் கட்டும் பருத்தி உறை போட்டிருக்கலாம். கைப்பிடிக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டினால் யாரும் இருக்கமாட்டார்கள்.

கழற்றிய தும்பும் சீலையும் ஆணியும் இன்னும் பின்வளவில் கிடக்கக்கூடும். அவற்றைக் கொளுத்த வேண்டாம், மண்ணெண்ணெய் தெளிக்கவும் வேண்டாம் என்று தயவுசெய்து எழுதுங்கள். நன்றாக உலர்த்தி, பொலித்தீனில் காற்றுப் போகாமல் கட்டி, −20 பாகை செல்சியஸ் குளிரில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சி சாகும். வெளியே எடுத்து ஒரு நாள் கழித்தே பொதியைப் பிரிக்க வேண்டும், இல்லையேல் பனித்து ஈரம் ஏறும். பிறகு பருத்திப் பையில் இட்டு, எந்தக் கதிரையினது, எந்தத் திகதியில் கழற்றியது என்று துண்டெழுதிக் கட்டினால் போதும். "ஒல்லாந்தர் காலம்" என்ற சொல்லுக்கு ஒரு சிறு திருத்தமும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தளபாடப் பராமரிப்பாளர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.