ஊர்ப் போறணையைத் திருத்த ஒரு கை கொடுங்கள்

அன்புள்ள உறவுகளுக்கு,

பிரான்சின் நடுப்பகுதியில், க்ரூஸ் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் போறணைக் குழு எழுதிக்கொள்வது. குழுவில் தமிழ் எழுதத் தெரிந்தது நான் ஒருவன்தான். அதனால் இந்தக் கடிதம் என் தலையில் விழுந்தது.

தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும், ஊரார் பாண் சுடும் பொதுப் போறணையின் வளைவு சென்ற பனிக்காலத்தில் இடிந்துவிட்டது. கருங்கல் அடுக்கிக் களிமண் பூசிக் கட்டியது. பல வருடங்களுக்கு முன் யாரோ நல்லெண்ணத்தில் வெளியே சீமெந்து பூசிவிட்டார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல், உறைந்து உறைந்து கல்லையே நெம்பிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், க்ரூஸ் என்றாலே மேசன்மாரின் பூமி. பரிஸைக் கட்டுவதற்குக் கால்நடையாகப் போனவர்கள் இவர்கள். அப்படிப் போன மார்த்தேன் நதோ என்ற மேசன் பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரே ஆனார். பலர் திரும்பி வரவில்லை. 1851இல் 2,87,000 பேர் வாழ்ந்த மாவட்டத்தில் இன்று அதில் பாதிகூட இல்லை.

எங்கள் ஊரில் கடை கிடையாது. பாண் வான் கிழமைக்கு இரண்டு முறை ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும், அவ்வளவுதான். செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில், மரபுரிமை நாட்களில் மட்டும் போறணையை மூட்டுவோம். விடியற்காலையில் விறகு போட்டால் முதலில் வளைவு முழுக்கக் கரி பிடிக்கும். சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்து கல் வெளுத்துவிடும். அதுதான் அடையாளம். அப்புறம் தணலை இழுத்து, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, மாவை உள்ளே தள்ளுவோம். பாண் எடுத்த பிறகு மிஞ்சும் சூட்டில் மாவுக்குள் உருளைக்கிழங்கு வைத்த பண்டம் வேகும்.

மேரி என்கிற எங்கள் ஊராட்சியைக் குறை சொல்ல முடியாது. நூறு பேர்கூட இல்லாத ஊர், மன்றத்தில் 7 இடங்கள், மேயரே புல்லும் வெட்டுகிறார். பாதை, மயானம் போக, அரசையும் தேவாலயத்தையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தேவாலயக் கூரையும் அதன் தலையில்தான். மேசன் சொன்ன தொகை 18,400 யூரோ. கல் சுமப்பதும் களிமண் குழைப்பதும் நாங்கள் என்றதும் 2,400 குறைத்தார். மேரி 6,000 தருகிறது. மிச்சம் 10,000.

காசு எங்கள் கைக்கு வராது. காசோலையை அரசுக் கருவூலத்தின் பெயருக்கு எழுதி மேரிக்கு அனுப்புங்கள். மேயர் செலவுக்கு உத்தரவிடலாம், காசைத் தொட முடியாது. கொடுப்பது அரசின் கணக்காளர். பிரான்சில் வருமான வரி கட்டுபவர்களுக்கு, கொடுத்ததில் 66 சதவீதம் வரியில் கழியும். 100 யூரோ தந்தால் உண்மையில் உங்களுக்குச் செலவு 34தான். பற்றுச்சீட்டை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

மேரி செவ்வாயும் வெள்ளியும் காலையில் மட்டும் திறந்திருக்கும். செயலாளர் மற்ற நாட்களில் பக்கத்து ஊர் மேரிகளில் வேலை செய்கிறார். காசு தர முடியாதவர்கள் விறகு தரலாம், ஆனால் நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். போன முறை நான் கொண்டுபோன ஈர விறகால் பாண் வேக மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

போறணைக் குழு