பாரை வாய்க்குள் இருப்பதை விட்டுவிடாதே

மக்களே,

ஆராய்ச்சிக்கு மீன் ஒட்டுண்ணியை விட்டுவிட்டு வேறு தலைப்பு எடுக்கலாமா என்று கேட்டாய். போனில் சரியாகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். விடாதே. மீனில் ஒட்டி வாழும், நண்டு இறால் வகையைச் சேர்ந்த இந்தப் பூச்சிகளின் சைமோதாய்டே குடும்பத்தையே எடு.

மீன் வாயிலிருக்கும் பூச்சியில் என்ன பெரிய ஆராய்ச்சி என்று உன்னிடம் யாரோ சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் குடும்பத்தில் இதுவரை பெயர் வைத்த இனங்களே 350க்கு மேல். சில தோலில் ஒட்டும், சில செவுளில், சில வாய்க்குள். வயிற்றுச் சதையைக் குடைந்து உள்ளேயே குடியிருப்பவையும் உண்டு.

இன்று காலை நீரோடியில் வாங்கிய பாரையைக் கழுவும்போது வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கின்மேல் வெள்ளையாக ஒன்று, தலை வெளியே பார்த்தபடி, கறுத்த இரண்டு கண். ஏழு ஜோடிக் காலும் கொக்கிதான், இடுக்கியால் இழுத்தும் லேசில் விடவில்லை. புரட்டினால் அடிவயிற்றுப் பை நிறையக் குஞ்சு. பக்கத்திலேயே சின்னதாக ஆண். அதுவும் நாளைக்குப் பெண்ணாக மாறக்கூடியதுதானே! பையை விட்டு இறங்கும் குஞ்சுக்கு ஆறு ஜோடிக் கால்தான். அதை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கடலில் தனக்கென்று ஒரு மீனைத் தேடிப் பிடிக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அந்த மீனைத் தின்னலாமா என்று அப்பாவுக்குச் சந்தேகம். மனிதருக்கு அது ஒட்டாது என்று சொல்லிக் குழம்பு வைத்துவிட்டேன்.

துருவக் கடலில் இந்தக் குடும்பம் இல்லை. வெப்பக் கடல்களில்தான் கூட்டம், அமேசான் ஆற்று நன்னீரிலும் சில. மீனின் நாக்கை அழித்துவிட்டு அந்த இடத்தில் தானே உட்காரும் சைமோதோவா எக்சிகுவா, கலிபோர்னியா வளைகுடாவிலிருந்து ஈக்குவடார் வரை. ஆனால் எங்கே நிறைய இனம் என்று காட்டும் வரைபடத்தில் பாதி, எங்கே நிறையப் பேர் மீன் வாயைத் திறந்து பார்த்தார்கள் என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. நம் கரையில் பார்க்க வேண்டியது இன்னும் எவ்வளவோ கிடக்கிறது. கொல்லத்துக்கு வெளியே ஆழ்கடல் மீனின் செவுளில் கிடைத்த ஒன்றுக்குப் புதுப் பேரினமே உண்டாக்கி, நம் விண்வெளி நிறுவனமான இஸ்ரோவின் பெயரில் புரூசிதோவா இஸ்ரோ என்று பெயர் வைத்தார்கள். 1963ல் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட் போனது மீன்பிடி ஜனம் விட்டுக்கொடுத்த மண்ணிலிருந்து. அந்தப் பெயர் நம் கடலில் கிடைத்த ஒன்றுக்கு வந்ததில் எனக்குச் சந்தோஷம்.

ஒட்டும் இடத்துக்குத் தக்கபடி உடம்பு வளைந்து திருகிப்போவதால், ஒரே இனத்தையே இரண்டாக எண்ணிவிட முடியும். அங்கே நீ படித்த டிஎன்ஏ வேலை இங்கேதான் உதவும்.

இன்று எடுத்த இரண்டையும் காலேஜ் லேபில் 95 சதவீத ஆல்கஹாலில் போட்டு, மீன் பெயரும் ஒட்டியிருந்த இடமும் பென்சிலால் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். இனி கிடைப்பதையும் இப்படியே சேர்க்கலாமா என்று உன் கைடிடம் கேட்டுச் சொல்.

அன்புடன்,
அம்மா
கொல்லங்கோடு