லாரி கேபின் தரைத் தகடுகள் பொருந்தாதது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

பழைய லாரியின் கேபினுக்காக உங்கள் நிறுவனத்திடம் இடது, வலது தரைத் தகடுகளை வாங்கினேன். வலது தகடு இடத்தில் சரியாக உட்கார்ந்தது. இடது தகடு உட்காரவில்லை. இதைத் தெரிவித்தபோது, பழைய வண்டிகளில் சிறு திருத்தங்கள் தேவைப்படுவது இயல்பு என்றும், பூச்சு நீக்கிய தகட்டைத் திரும்பப் பெற முடியாது என்றும் இரண்டே வரிகளில் பதில் அனுப்பினீர்கள். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. தகடு அடிக்கும் அச்சுகளைக் கவனிப்பவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

துருப்பிடித்த தரையை வெட்டும் முன்பே, கதவு வாசலின் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையிலும், கேபினின் குறுக்கேயும் சதுரக் குழாய்களை முட்டுக் கொடுத்துப் பற்றவைத்திருந்தோம். கதவுகளைக் கழற்றவில்லை. வெட்டியபின் கதவு இடைவெளிகளையும் இரு மூலைவிட்டங்களையும் மீண்டும் அளந்தோம், எதுவும் மாறவில்லை. ஆகவே கேபின் கோணிவிட்டது என்று பழியை வண்டியின் மேல் போட வழியில்லை.

இப்போது இடது தகட்டுக்கு வருகிறேன். கேபினைச் சேஸிஸுடன் பிணைக்கும் போல்ட் துளையை அடியில் உள்ள தாங்கியின் துளையோடு நேர் வைத்தால், கதவுப் பக்க மடிப்பு கதவடிச் சட்டத்திலிருந்து 8 மி.மீ. விலகி நிற்கிறது. மடிப்பைச் சட்டத்தோடு ஒட்டி வைத்தால் துளை அதே 8 மி.மீ. விலகிவிடுகிறது. கிளாம்ப் போட்டு இழுத்துப் பார்க்கலாம் என்று உங்கள் ஊழியர் தொலைபேசியில் சொன்னார். இழுத்துப் பற்றவைத்தால் அந்த இழுவிசை தகட்டுக்குள்ளேயே தங்கும். முட்டுக்குழாய்களை எடுத்தவுடன் கேபின் முறுக்கிக்கொண்டு கதவு சாத்தாமல் போகும். துளையை நீளமாக அறுப்பதும் தீர்வாகாது. கேபினின் பாரம் இறங்கும் இடத்தில் வாஷருக்கு அடியில் தகடே இல்லாமல் செய்துவிட்டால், சாலை அதிர்வில் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும்.

விளிம்பில் அரைகுறையாக இருப்பதைச் சீவிச் சரிசெய்யலாம். அது டிங்கரிங் வேலையில் சாதாரணம். அதற்காக நான் குறை சொல்லவில்லை. போல்ட் துளை அப்படியல்ல. மற்ற அளவுகளையெல்லாம் அதிலிருந்துதான் எடுக்கிறோம்.

கதவுப் பக்க மடிப்பின் அகலத்திலும் குறை இருக்கிறது. பழைய தரையில் அது 18 மி.மீ. இருந்தது, உங்கள் தகட்டில் 9 மி.மீ. தொழிற்சாலையில் போட்ட ஸ்பாட் வெல்டுக்கு (தகடுகளை அழுத்திப் பிடித்து மின்சாரத்தால் புள்ளி புள்ளியாக ஒட்டுவது) பதிலாக, மேல் தகட்டில் 8 மி.மீ. துளையிட்டு அதை மிக் வெல்டிங்கால் (கம்பியை மின்பொறியில் உருக்கிச் சேர்ப்பது) நிரப்புவதுதான் வழக்கம். ஒன்பது மில்லிமீட்டர் மடிப்பில் அந்தத் துளையைப் போட்டால் சுற்றிலும் உலோகம் எங்கே மிஞ்சும்?

தடிமன்தான் எனக்கு அதிகக் கோபம் தருகிறது. உங்கள் விலைப்பட்டியலில் 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. என்று அச்சிட்டிருக்கிறீர்கள். விளிம்பில் பூச்சைச் சுரண்டி மைக்ரோமீட்டரில் அளந்தால் இரண்டு தகடுகளுமே 0.9 மி.மீ. காட்டுகின்றன. அது 20 கேஜ். இருக்கையும் ஓட்டுநரும் அமரும் தரை இது. தகட்டின் விறைப்பு தடிமனின் முப்படியை (தடிமன் × தடிமன் × தடிமன்) பொறுத்தது என்பதால், கால்பங்கு தடிமன் குறைந்தாலே விறைப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தடித்த பழைய உலோகத்தோடு இதைச் சேர்க்கும்போது, அங்கே உருகுவதற்குள் இங்கே ஓட்டை விழும். சிறிது சிறிதாக, இடம் மாற்றி மாற்றி வெல்டிங் செய்தாலும் மெல்லிய தகடு எளிதில் நெளியும்.

திரும்பப் பெறுவது பற்றிய உங்கள் நிபந்தனை நியாயமற்றது. பழைய தரையை வெட்டாமல் புதிய தகட்டைப் பொருத்திப் பார்க்கவே முடியாது. பற்றவைக்கும் இடங்களில் பூச்சை நீக்கும்படி பெட்டிக்குள் நீங்கள் வைத்திருந்த தாளிலேயே எழுதியிருக்கிறது. அதன்படி நடப்பவரிடம் பூச்சைக் காரணம் காட்டுவது சரியல்ல. எந்தத் தகட்டிலும் இதுவரை ஒரு புள்ளிகூடப் பற்றவைக்கவில்லை.

எனவே 1.2 மி.மீ. தடிமனில், துளையும் மடிப்பும் மூலத் தகட்டின் அளவிலேயே அமைந்த இரண்டு தகடுகளை உங்கள் செலவில் அனுப்பிவைக்க வேண்டும். அப்படிச் செய்ய இயலாவிட்டால் முழுத்தொகையையும் அனுப்பும் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். விலைப்பட்டியலில் உள்ள தடிமனையும் உடனே திருத்துங்கள். இந்தக் கேபினுக்கு வேறு யாரும் தரை செய்வதில்லை என்பதால், அடுத்து வாங்குபவரும் உங்களை நம்பித்தான் பழைய தரையை வெட்டுவார். பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் எதிர்பார்க்கிறேன். கேபின் முட்டுக்குழாய்களின் பலத்தில்தான் நிற்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டின் நகல், அளவுகோலுடன் எடுத்த படங்கள், பழைய இடது தரையின் அட்டை அச்சு