ரிவர்ஸ் எடுக்க பீத்தோவன் எதற்கு? நலச்சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழுவினருக்கு,

வணக்கம். லிஃப்ட் பக்கத்தில் நீங்கள் ஒட்டியிருக்கும் புது அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கீழ்த்தள பார்க்கிங்கில் ரிவர்ஸில் வந்த கார் சி பிளாக் பாட்டியை இடித்தது உங்களுக்குத் தெரியும், சிசிடிவியிலும் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பரிகாரமாக எல்லா கார்களிலும் ரிவர்ஸ் கியர் போட்டதும் பாடும் ரிவர்ஸ் மியூசிக் கட்டாயம் என்கிறீர்கள். ஐயா, அன்றைக்கு மியூசிக் இல்லாமல் எதுவும் நடக்கவில்லை. பாட்டி சத்தம் கேட்டுத் திரும்பத்தான் செய்தார், ஆனால் எதிர்வரிசையில் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்த காரைப் பார்த்துத் திரும்பினார். அவருடைய முதுகுப் பக்கம் வந்த காரிலும் அதே மெட்டு. தாழ்ந்த கூரை, சுற்றிலும் சுவர், நடுவில் தூண்கள், இதில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எழுபது வயதைத் தாண்டியவர் எப்படிப் பிரித்துக் கேட்பார்? மணிக்கட்டு முறிவோடு போனதே பெரிய விஷயம்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: நம் வளாகத்துக்குள் ரிவர்ஸ் மெட்டு வேண்டாம். கட்டாயமும் வேண்டாம், விருப்பப்பட்டவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்பதும் வேண்டாம்.

அந்த மெட்டு ‘ஃபியூர் எலிஸ்’, அதாவது ‘எலிஸுக்காக’. பெயர் தெரியாதவர்களுக்கும் முதல் ஒன்பது சுரம் மனப்பாடம். 1810இல் ஜெர்மன் இசையமைப்பாளர் பீத்தோவன் பியானோவுக்கு எழுதியது, அவர் இறந்து 40 வருடம் கழித்து 1867இல்தான் அச்சுக்கு வந்தது. அந்த எலிஸ் யார் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. அப்பேர்ப்பட்ட பாட்டு கார் டிக்கிக்கு வந்து சேர்ந்ததில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. யாருக்கும் ராயல்டி தர வேண்டாம், பக்கவாத்தியம் இல்லாமல் ஒற்றை வரியாக வாசித்தாலும் அடையாளம் தெரியும். டிரான்சிஸ்டர் மாதிரியே மூன்று கால் வைத்த மெலடி ஐசி, அதாவது பாடும் சில்லு ஒன்று உண்டு, எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர்களுக்கு அது யூஎம்66. அதில் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு பாட்டு பதிந்தே வரும். அப்படிப்பட்ட மலிவான சில்லுகளின் புண்ணியத்தில்தான் வாழ்த்து அட்டை, காலிங் பெல், பொம்மை என்று ஒன்று விடாமல் கீச்சுக்குரலில் பாட ஆரம்பித்தன. ஃபோனில் நம்மைக் காக்க வைக்கும்போது கேட்பதும் பல இடங்களில் இதுதான்.

தைவானில் குப்பை வண்டி இதே மெட்டைப் போட்டுக்கொண்டு வரும், கேட்டதும் ஜனங்கள் குப்பைப் பையோடு தெருவுக்கு வந்துவிடுவார்கள். ஏனென்றால் அங்கே தெருவில் அது கேட்டால் குப்பை வண்டி, அவ்வளவுதான். இங்கே எங்கு திரும்பினாலும் அதுதான் என்றான பிறகு அதைக் கேட்டு யார் விலகுவார்கள்? பாட்டியாவது திரும்பிப் பார்த்தார், மற்றவர்கள் அதுகூட இல்லை.

இன்னொரு கொடுமை முதல் மாடியில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். தூணுக்குப் பக்கத்து இடத்தில் ஒடித்து ஒடித்து வண்டியை விடுபவர், ஒவ்வொரு தடவை ரிவர்ஸ் கியர் போடும்போதும் பாட்டு முதலிலிருந்து தொடங்கும். அந்த ஒன்பது சுரம், நிற்கும். மறுபடி ஒன்பது, நிற்கும். அதற்குமேல் பாட்டு இருக்கிறது என்பதையே நம் வளாகத்துக் குழந்தைகள் நம்ப மாட்டார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் படுப்பவர்களின் நிலைமையை நான் சொல்லவே வேண்டாம்.

சத்தமே கூடாது என்று நான் சொல்லவில்லை. லாரிகளில் வரும் பீப் பீப் சத்தம் எச்சரிப்பதற்கென்றே செய்யப்பட்டது. இப்போது ‘ஷ்ஷ் ஷ்ஷ்’ என்று இரையும் அலாரமும் இருக்கிறது, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்கு எளிதில் பிடிபடும். மேலும் 2019 ஜூலையிலிருந்து தயாரான கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம், அது எச்சரிக்க வேண்டிய ஆளை, அதாவது ஓட்டுபவரை, எச்சரிக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 119ஆம் விதி, சுரம் மாறி மாறி ஒலிக்கும் ஹாரனையே தடை செய்கிறது. ரிவர்ஸ் மியூசிக் ஹாரன் ஆகுமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். சட்டம் முகம் சுளிக்கும் ஒன்றை நாம் கட்டாயமாக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

உண்மையில் பாதுகாப்புதான் நோக்கம் என்றால், அதே தூண் பக்கம் டியூப்லைட் எத்தனை மாதமாக எரியவில்லை என்று ஒருமுறை இறங்கிப் பார்த்திருக்கலாம். குவி கண்ணாடி வைக்கச் சொல்லிக் கொடுத்த மனு எந்த ஃபைலில் தூங்குகிறதோ. பராமரிப்புக் கட்டணம் ஒருநாள் தாமதமானால் மட்டும் மறுநாள் காலையில் வாட்ஸப்பில் பெயர்ப்பட்டியல் வந்துவிடும். இந்தப் போக்கில் வாட்ச்மேன் அண்ணனிடமிருந்து விசிலை வாங்கிக்கொண்டு கையில் நாதஸ்வரத்தைக் கொடுத்தாலும் ஆச்சரியமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அறிவிப்பைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். ரிவர்ஸ் மெட்டு வேண்டாம் என்ற தீர்மானத்தை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். பாட்டியின் மகள் பேச விரும்புகிறார், அவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். டியூப்லைட் மாற்றக் கூட்டம் வரை காத்திருக்கத் தேவையில்லை, எலக்ட்ரீஷியன் செவ்வாய்க்கிழமை எப்படியும் வருகிறார்.

இப்படிக்கு,
பி பிளாக், முதல் மாடிவாசி